பணிவாகச் சாத்திய கதவு

கிணற்று நீர்மட்டத்தை அளந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும் சிறு கருவிக்கான நிரல் எங்களுடையது. திறமூலம் என்பதால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், குறை சொல்லலாம். வருவதைப் படித்துப் பதில் எழுதுவது என் பொறுப்பு.

ஒருநாள் முகம் தெரியாத ஒருவர் எழுதினார்: "நேரக் கணக்கு தப்பு. இதைச் சோதிக்காமலா வெளியிட்டீர்கள்?" அந்த இரண்டாவது வாக்கியம் சுருக்கென்று தைத்தது. முதல் வாக்கியத்தை நான் சரியாகப் படிக்கவே இல்லை. "கருத்துக்கு நன்றி, பரிசீலிக்கிறோம்" என்று எழுதி, அன்றே அந்தப் பதிவை முடிந்ததாக மூடிவிட்டேன்.

கருவிக்குள் ஒரு மில்லிசெகண்ட் எண்ணி இருக்கிறது. 32 பிட், அதாவது 32 இரும இலக்கம் கொண்டது. 429 கோடியே சொச்சம் வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அதற்கு ஆகும் காலம் 49.7 நாள். கடைசியாக அனுப்பிய நேரத்தோடு பத்து நிமிடத்தைக் கூட்டி, இப்போதைய நேரம் அதைத் தாண்டிவிட்டதா என்று நான் பார்த்திருந்தேன். எண்ணி உச்சத்தை நெருங்கும்போது அந்தக் கூட்டல் மட்டும் முன்பே சுற்றிச் சின்ன எண்ணாகிவிடும். அப்புறம் கருவி ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் 'தாண்டிவிட்டது' என்றே பதில் வரும். கூட்டாமல், இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்துப் பார்த்திருந்தால் போதும். அவர் சொன்னது இதைத்தான்.

ஐம்பதாம் நாள் கருவிகள் நிற்காமல் அனுப்பத் தொடங்கி, சிம் கார்டுகளின் அன்றைய டேட்டாவைக் காலி செய்தன.

2018 செப்டம்பரில், லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் மையப் பகுதியான கருநிரலில் வேலை செய்பவர்களை அதுவரை கடுமையாகத் தாக்கி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் விலகியிருந்தார். அந்த மன்னிப்பைப் படித்தபோது, நாம் யாரையும் திட்டுவதில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். அந்த முரட்டுத்தனம் நல்லவர்களை விரட்டியது உண்மை, அதற்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் அவர் திட்டும்போதுகூட எது தப்பு, ஏன் தப்பு என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். என் நன்றியில் ஒரு காரணம்கூட இல்லை. எதிராளி மேற்கொண்டு வாதாட நான் எதையுமே தரவில்லை. திட்டாமலேயே ஒருவரை வாயடைக்க முடியும் என்று, கருவிகள் டேட்டாவைக் காலி செய்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்போது குறை சொல்லி யார் எழுதினாலும், அதில் உள்ள தொழில்நுட்பக் கேள்வியை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். கோபம் தாளில் ஏறாது. அதைச் சோதித்துப் பார்க்காமல் மூடுவதில்லை. மறுப்பதாக இருந்தால் எந்த வரியால் மறுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நேரம் பிடிக்கிறது, சரி, பிடிக்கட்டும்.

அவருடைய பதிவைத் திரும்பத் திறந்து, என் பழைய பதிலை அழிக்காமல், அதன் கீழேயே "நீங்கள் சொன்னது சரி, தவறு என்னுடையது" என்று எழுதினேன். திருத்தக் குறிப்பில் அவர் பெயரை முதலில் போட்டேன். அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.