சங்கதி இல்லாத நீளம்

ஆங்கிலேய ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ‘தி புக் ஆஃப் சோல்ஸ்’ என்னும் பாட்டுத் தொகுப்பு 92 நிமிடம் ஓடும். தஞ்சாவூரில் வண்டியைக் கிளப்பும்போது போட்டுவிட்டால் அய்யம்பேட்டை, பாபநாசம், கும்பகோணம் எல்லாம் கடந்து ஆடுதுறைப் பக்கம்தான் முடியும். தை மாதத்து முகூர்த்தம் ஒன்றுக்குத் தவில் வாசிக்கப் போன என் சித்தப்பா மகனை நான்தான் காரில் அழைத்துச் சென்றேன். கூட வந்த கும்பகோணத்து நண்பருக்கு ஐம்பது வயது. அவரைப் பொறுத்தவரை அந்தக் குழு 1988-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. பிறகு வந்தவை எல்லாம் பழைய வீட்டில் ஒட்டிய திண்ணைகள் என்பார்.

தம்பியின் கணக்கு வேறு. பாடகர் புரூஸ் டிக்கின்சனும் கிதார் வாசிக்கும் ஏட்ரியன் ஸ்மித்தும் 1999-இல் திரும்பி வந்து, கிதார் மூன்றானதற்குப் பிறகுதான் குழு நிதானமாக வாசிக்கக் கற்றுக்கொண்டது என்பது அவன் கட்சி. நண்பர் 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அவர்களை நேரில் பார்த்தவர். இரவுப் பேருந்தில் போய் வெயிலில் வரிசையில் நின்ற தனக்கு, பழைய பாட்டுகளுக்கு நடுவே புதுத் தொகுப்பின் பாட்டுகளையும் கொடுத்தார்கள் என்பது அவருக்கு இன்றுவரை ஆறாத குறை.

நீளம்தான் குற்றம் என்பது நண்பர் வாதம். எனக்கு அது ஒருபோதும் ஒப்பவில்லை. ஒரு தோடியை இரவு முழுக்கக் கேட்டுவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பிய தாத்தாக்களின் ஊரில் இருந்துகொண்டு, பதினெட்டு நிமிடம் அதிகம் என்று எந்த வாயால் சொல்வது? ‘தி புக் ஆஃப் சோல்ஸ்’ தொகுப்பின் கடைசிப் பாட்டான ‘எம்பயர் ஆஃப் தி கிளவுட்ஸ்’ அத்தனை நிமிடம் ஓடுகிறது. 1930 அக்டோபரில் பிரான்சில் விழுந்து நொறுங்கி 48 பேரைப் பலிகொண்ட ஆர்-101 என்னும் வான்கப்பலின் கதை அது. டிக்கின்சன் அதைப் பியானோவில் அமர்ந்து எழுதினார். புறப்பாடு, புயல், வீழ்ச்சி என்று பாட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால், கேட்பவனுக்குக் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றுவதில்லை. நடுவில் மோர்ஸ் சைகையின் எஸ்.ஓ.எஸ் என்னும் ஆபத்து அழைப்பு தாளமாகவே வந்து விழும் இடத்தில் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான்.

மாறாக, டிக்கின்சன் குழுவில் இல்லாத காலத்தில், 1998-இல், பிளேஸ் பெய்லி பாடிய ‘தி ஏஞ்சல் அண்ட் தி கேம்ப்ளர்’ பத்து நிமிடத்துக்குச் சற்றே குறைவுதான். ஆனால் ஒரே பல்லவி மாறாமல் திரும்பத் திரும்ப வந்து மனிதனைச் சோதிக்கிறது. தம்பி பையிலிருந்து ஒரு விரல் கூட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பல்லவி வரும்போதெல்லாம் முன்னிருக்கையின் முதுகில் ‘டக்’ என்று ஒரு தட்டுத் தட்டினான். பத்தைத் தாண்டியதும் நண்பர் கையைப் பிடித்து நிறுத்தினார். “திரும்ப வர்றது தப்பில்லண்ணே, சங்கதி எங்க?” என்றான் தம்பி.

எனக்கு வேண்டியிருந்த சொல் அதுதான்: சங்கதி, அதாவது ஒரே வரியை ஒவ்வொரு முறையும் சற்றே மாற்றி வளர்த்துப் பாடுவது. திருவையாற்றில் ஆராதனை கேட்கிற எவருக்கும் தெரியும்: ஒரே வரியைத்தான் எட்டு முறை பாடுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் அது ஒரு படி ஏறியிருக்கும். குழுவைத் தொடங்கிய பாஸ் கிதார்க்காரர் ஸ்டீவ் ஹாரிஸின் பிற்காலப் பாட்டுகளில் பெரும்பாலும் இந்த ஏற்றம் இல்லை. மெதுவான பாஸ் கிதார் முன்னுரை, நடுவில் ஓட்டம், கடைசியில் அதே முன்னுரை. 2021-இல் வந்த ‘சென்ஜுட்சு’வின் கடைசி மூன்று பாட்டுகளும் அவர் எழுதியவை, மூன்றும் பத்து நிமிடத்துக்கு மேல். அவற்றுள் ‘ஹெல் ஆன் எர்த்’ மட்டும் தன் நீளத்தைச் சம்பாதித்துக்கொள்கிறது. மற்ற இரண்டைக் கண்டிப்பான ஒரு தயாரிப்பாளர் கையில் எடுத்திருந்தால் ஆளுக்கு மூன்று நிமிடம் குறைந்திருக்கும். 2000 முதல் ஆறு தொகுப்புகளிலும் கெவின் ஷெர்லியோடு ஹாரிஸும் தயாரிப்பாளராக இருக்கிறார். எழுதியவரே வெட்ட வேண்டும் என்றால் கத்தி எப்படி எழும்?

இதே ஆட்கள்தாம் 2003-இல் ‘பாஷெண்டேல்’ கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்மித்தும் ஹாரிஸும் சேர்ந்து எழுதிய அந்த எட்டரை நிமிடத்தில் ஒரு அடியைக்கூட எடுக்க முடியாது. அதே தொகுப்பில் டிரம்ஸ் வாசிக்கும் நிக்கோ மெக்பிரெயின் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும், பெரிய டிரம்மை இரு கால்களாலும் அடிக்க உதவும் இரட்டை மிதியைப் பயன்படுத்தினார். மற்றபடி வாழ்நாள் முழுக்க ஒற்றைக் காலாலேயே அவ்வளவு வேகம் காட்டியவர் என்பதால், தம்பி அவரைப் பற்றி மட்டும் யாரையும் குறை சொல்ல விடமாட்டான்.

திரும்பி வந்ததும் ஒரு வேலை செய்தேன். ‘தி புக் ஆஃப் சோல்ஸ்’ தொகுப்பைக் கணினியில் போட்டு, தேவையற்றவை என்று எனக்குப் பட்ட முன்னுரைகளையும் சுற்றுகளையும் வெட்டி, எழுபது நிமிடத்துக்குக் கொண்டுவந்து இருவருக்கும் அனுப்பினேன். நண்பர் முதன்முறையாக அதை முழுதாகக் கேட்டதாகச் சொன்னார். தம்பியிடமிருந்து மறுநாள் காலை ஒரு குரல்பதிவு வந்தது: ‘தி ரெட் அண்ட் தி பிளாக்’ பாட்டில் நான் வெட்டி ஒட்டிய இடத்தில் இரண்டு அடி தாளம் உதைக்கிறதாம்.