பின்வாங்குக்குக் கேட்கவில்லை

போன மாதம் எங்கள் இங்கிலீஷ் சேர் காலமானார். செய்தி வந்த அன்று மாலையே மான்செஸ்டரில் பீட்டர்லூ படுகொலை நினைவிடத்துக்குப் போய் நின்றேன். ஏன் அங்கே என்று பத்தாம் வகுப்பில் என்னோடு இருந்தவர்களுக்கு விளங்கும்.

அன்று காலைப் பிரார்த்தனையில் அதிபர் எல்லாரையும் ஏசித் தள்ளியிருந்தார். மூன்றாம் பாடத்துக்கு வந்த சேர் "ரீட் த ரயட் அக்ட்" என்று பலகையில் எழுதி, "காலமை நடந்தது இதுதான். என்ன கருத்து?" என்று என்னைக் கேட்டார். "கலகச் சட்டத்தை வாசிக்கிறது" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது.

சேர் சிரிக்கவில்லை. "இப்ப அது கண்டிச்சு எச்சரிக்கிறதுக்குப் பேர். ஆனா முந்தி உண்மையாவே வாசிச்சவங்கள்" என்றார். 1715இல் பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் குழப்பம் செய்தால், கலைந்து போகச் சொல்லும் அறிவித்தலை நீதவான் மன்னர் பெயரால் உரத்து வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரம் அவகாசம். அதற்குப் பிறகும் நின்றால் மரண தண்டனை.

அந்த அறிவித்தலை எழுதுவித்து, என்னை முன்னால் விட்டு வாசிக்கச் சொன்னார். "பின்வாங்குக்குக் கேக்கேல்லை" என்றார், கடைசி வரிசை வாங்கைக் காட்டி. மூன்று தரம் வாசித்தேன். குரல் உடைந்து, "கடவுள் மன்னரைக் காப்பாராக" என்ற கடைசி வரியை விட்டுவிட்டேன். "அதை விட்டா வாசிச்சது செல்லாது. கோட்டிலயே தீர்ப்பிருக்கு." அப்புறம் பிரம்பை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அடிக்க முதல் சொல்ல வேணும். சொன்னது அவனுக்குக் கேக்க வேணும்." அவர் யாரையும் சொல்லாமல் அடித்ததில்லை. அதற்காகவே அவரை மதித்தேன், இன்றும் மதிக்கிறேன்.

1819 ஆகஸ்ட் 16 அன்று இங்கே, மான்செஸ்டரில், வாக்குரிமை கேட்டுப் பல்லாயிரம் பேர் கூடினார்கள். சட்டம் வாசிக்கப்பட்டது என்றார்கள் நீதவான்கள். காதில் விழவே இல்லை என்றார்கள் கூட்டத்தில் நின்ற பலர். குதிரைப்படை வாளோடு புகுந்தது. 15க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். வட்டமான கல்படிகளில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக விரலால் தடவி வாசித்தேன்.

1986இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது சேரிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் முதலாம் பாடம் அவருடையது. இடாப்பில் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார். பிறகு எழுதலாம் என்றே முப்பது வருசத்துக்கு மேல் போய்விட்டது.

அறிவித்தல் இன்னும் மனப்பாடம். படியில் நின்று கடைசி வரி வரை சொன்னேன். பின்வாங்குக்குக் கேட்டிருக்காது.