வதிவிடப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்ததில் இருந்து சான்றிதழ் கோவையில் ஏறும் வரை

சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கான ஐந்து நாள் வதிவிடப் பயிற்சிக்குப் போய்வந்தேன். போன கிழமைதான் அந்தச் சான்றிதழ் ஒருவழியாக என் சுயவிபரக் கோவைக்குள் ஏறியது. நிம்மதிதான், ஆனாலும் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அடுத்து போக இருப்பவர்களுக்காவது அலைச்சல் குறையட்டும் என்று எழுதுகிறேன்.

பயிற்சி நடக்கப்போகிறது என்பதே எனக்குத் தெரியாது. வேறு வலயத்தில் படிப்பிக்கும் சிநேகிதி வட்ஸ்அப்பில் கேட்டாள்: "நீ வரேல்லையோ? பெயர் அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமையெல்லே." எங்கள் பாடசாலைக்குக் கடிதமே வரவில்லை. வலயக் கல்விப் பணிமனைக்குப் போனால், மேசையில் இருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்: "அப்பிடி ஒண்டும் வரேல்லை டீச்சர். வந்திருந்தா அனுப்பியிருப்பம்."

அன்றிரவு சிநேகிதியிடம் சொல்லி, அவர்களுக்கு வந்த கடிதத்தைப் படமெடுத்து அனுப்பச் செய்தேன். மேல் மூலையில் கடித இலக்கமும் திகதியும் இருந்தன. அடுத்த நாள் பாடசாலை விட்டதும் ஓடிப்போய் அந்த இலக்கத்தைச் சொன்னேன். அதே மேசையில், சித்திரப் பாடத்துக் கோவைக்குள் இருந்து கடிதம் வெளியே வந்தது. பணிமனைக்கு வந்து சேர்ந்த திகதி முத்திரை அதிலேயே குத்தியிருந்தது; இரண்டு கிழமைக்கு முந்திய திகதி. அவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. நீங்கள் போகும்போது "கடிதம் வந்ததோ" என்று கேட்காதீர்கள். இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள், அப்போதுதான் தேடுவார்கள்.

அடுத்தது அதிபர். பயிற்சி பெப்ரவரியில். எங்களுக்கு இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். "நீங்கள் போனா கிரவுண்டுக்குக் கோடு போடுறது ஆர்?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாடசாலையில் இந்தப் பாடத்துக்கு நான் ஒருத்திதான். அதனால் வேலையைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த நாளில் எந்தப் பழைய மாணவர் வந்து சுண்ணாம்புக் கோடு போடுவார், ஆணிகள் எங்கே அடித்திருக்கின்றன, லேன் அகலம் 1.22 மீற்றர், ஒவ்வொரு அரைவட்டத்துக்கும் அடுத்த லேன்காரர் 3.83 மீற்றர் முன்னுக்கு நிற்க வேண்டும் என்பது வரை படம் கீறியிருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. 2014ஆம் ஆண்டு இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பின்படி தர உயர்வுக்கு வாண்மைத்துவப் பயிற்சி தேவை என்பதையும் அதிபர்களுக்கு நினைவுபடுத்துங்கள். சும்மா ஊர் சுற்றவா போகிறோம்?

பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பரவாயில்லை. முதல் நாள் விளக்கப்படங்களில் பாதி சிங்களத்தில் இருந்தன. தமிழில் விளக்குபவர் அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தார். தேசிய கல்வி நிறுவகத்தின் தமிழ் ஆசிரியர் வழிகாட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்ததால் சமாளித்தேன். நீங்களும் கொண்டுபோங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெறுமதியாக இருந்தது இதய, சுவாச மீளுயிர்ப்புப் (CPR) பயிற்சிதான். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் மரதன் ஓடிய மாணவன் உயிரிழந்த செய்தியை வாசித்த நாளில் இருந்து, எங்கள் பிள்ளைகள் வெயிலில் ஓடும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடக்கும். அன்று பயிற்றுநர் என் உள்ளங்கையைப் பிடித்துப் பொம்மையின் மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் வைத்தார். முழங்கை மடியக்கூடாது, ஐந்து சென்ரிமீற்றர் ஆழமாவது அமுக்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, முப்பது தடவை அமுக்கியதும் வாய்வழியாக இரண்டு மூச்சு ஊத வேண்டும். இரண்டாவது நிமிடத்திலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஆளை மாற்றிச் செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. விழுந்தவர் இடைக்கிடை விக்குவதுபோல மூச்சை இழுத்தால் அதைச் சுவாசம் என்று நம்பி நிற்கக்கூடாது, உடனே அமுக்கத் தொடங்கவேண்டும் என்று அவர் அழுத்திச் சொன்னார். ஒருவர் அமுக்கும்போதே இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும். இத்தனை பேருக்கும் ஒரே ஒரு பொம்மைதான் இருந்தது. பின்வரிசையில் இருந்தால் கை வைக்காமலே வீடு திரும்புவீர்கள், முன்னுக்குப் போய் நில்லுங்கள்.

இனப்பெருக்கச் சுகாதாரப் பகுதியும் நன்றாகப் போனது. பெயர் எழுதாமல் கேள்விகளைப் பெட்டியில் போடச் சொல்லும் முறையைத் தரம் 10இல் செய்து பார்த்தேன். "வீட்டை வாசியுங்கோ" என்று சொல்லி இந்தப் பாடத்தைத் தாண்டிப் போகும் பழக்கத்தை நாங்கள் விட்டே ஆகவேண்டும். பிள்ளைகள் கேட்டிருந்த கேள்விகளைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

திரும்பி வந்த பிறகு மறுபடி அலைச்சல். பயிற்சிக்குப் போன நாட்களுக்குக் கடமை லீவு போடாமல் அமய லீவாகப் பதிந்திருந்தார்கள். சான்றிதழில் என் பெயரின் முதலெழுத்து பிழை. அதைத் திருத்திக் கொடுக்காமல் கோவையில் சேர்க்க முடியாது என்று பணிமனையில் சொன்னார்கள். சரி, அது நியாயம். ஆனால் மூலச் சான்றிதழையே விட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு நான் சம்மதிக்கவில்லை. அதிபர் உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுத்து, மூலப்பிரதியைக் காட்டிவிட்டுக் கையோடு கொண்டுவந்தேன். அந்தப் பிரதி கோவையில் சேர்ந்ததற்கும் இலக்கம் கேட்டு எழுதி வாங்கினேன். அந்த விடுவிப்புக் கடிதத்தின் பிரதி என்னிடம் இருந்ததால் லீவும் கடமை லீவாக மாறியது.

பயிற்சி முடிந்து வெளிக்கிட முன்னமே சான்றிதழில் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி மூன்றையும் பாருங்கள். அங்கேயே திருத்துவது ஐந்து நிமிட வேலை, ஊருக்கு வந்தால் மாதக்கணக்கு. பயிற்சிக்குப் போகக் கிடைக்காதவர்கள் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அடுத்த மரதனுக்கு முன்னர் ஒரு அரைநாள் வந்து, எல்லா ஆசிரியர்களுக்கும் மீளுயிர்ப்புப் பழக்கித் தருவதாகச் சம்மதித்திருக்கிறார்கள். கோரிக்கைக் கடிதத்தை அதிபரே எழுதினார்.