கோடி போன ஏரியும் தாத்தாவின் பறியும்

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது எங்கள் ஏரியும் நிரம்பி வழிந்து கோடி போனது. அந்தச் சத்தம் கேட்டதும் தாத்தா மீன் பிடிக்கும் பறிதான் நினைவுக்கு வந்தது.

மூங்கில் சிம்புகளை நாரால் கட்டிய நீளக் கூடு அது. வாய்க்குள் இன்னொரு குறுகலான வாய், கூர்முனைகள் உள்நோக்கி. புதுத்தண்ணீர் வந்தால் கெண்டையும் கெளுத்தியும் எதிர்த்து ஏறும். அவை ஏறிவரும் பக்கம் வாய் இருக்கும்படி வயல் மடையில் வைப்பார். விடியற்காலையில் தூக்கினால் உள்ளே சலசலக்கும்.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊத்தா. அடியில்லாத கூடை. சேற்றில் சதக்கென்று குத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவ வேண்டும். விரால் மோதுவது கூடையைப் பிடித்த கையிலேயே தெரியும். கெளுத்தி முள் குத்தினால் நாள் முழுக்கக் கடுக்கும்.

விரால் காற்றுக்கு மேலே வந்துதான் ஆக வேண்டும். அந்தக் குமிழைத் தாத்தா தவறவிட்டதில்லை. ஆனால் செக்கச்செவேலென்று குஞ்சுக்கூட்டம் தெரிந்தால் ஊத்தாவைத் தூக்கிக்கொள்வார். "அடியில தாய் நிக்குது, அத்த தொடாதடா."

இப்போது ஏரியை ஏலம் எடுப்பவர்கள் கட்லா, ரோகு மீன்களை விடுகிறார்கள். பறி முடைய எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. தாத்தாவுடையது பரண்மேல் இருக்கிறது. நார் இற்றுவிட்டது, சிம்புகள் இன்னும் உறுதி. இந்த மழைக்குள் கட்டிவிட வேண்டும்.