‘கிட் ஏ’ ஒலிகளை வீட்டில் செய்து பார்க்கிறேன்: இதுவரை வந்தது

இங்கிலாந்து ராக் குழுவான ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ ஆல்பத்தில் இருக்கும் ஒலிகளை ஒவ்வொன்றாக வீட்டிலேயே உருவாக்கிப் பார்ப்பது என்று இறங்கியிருக்கிறேன். பாட்டை அப்படியே கவர் செய்யும் எண்ணம் இல்லை. 1997-ல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ வந்தபோது கிட்டார் ராக்கில் இவர்களுக்கு மேலே யாரும் இல்லை என்று உலகமே சொன்னது. அதே ஐந்து பேர் 2000 அக்டோபரில் கொடுத்த அடுத்த ஆல்பத்தில் கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு சிங்கிள்கூட வெளியிடவில்லை. அப்படியும் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் அவர்களுடைய முதல் நம்பர் ஒன் ஆல்பம் அதுதான். அந்த ஒலிக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்பது எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் பிடிபடவில்லை. கையால் செய்து பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது.

என்னிடம் இருப்பது பழைய லேப்டாப்பில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், சின்ன மிடி கீபோர்டு, ஒரு எலக்ட்ரிக் கிட்டார், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு சுமாரான மைக். கூட வாசிக்க ஒரு நண்பன். மிருதங்கம் முறையாகக் கற்றவன், ராக் பக்கம் அதிகம் வந்ததில்லை. அந்தக் காது எனக்கு ரொம்பவே உதவியது.

முதல் பாட்டான ‘எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் ப்ளேஸ்’-இலிருந்து ஆரம்பித்தேன். சி, டி ஃப்ளாட், இ ஃப்ளாட் என்று பக்கத்துப் பக்கத்துக் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்). தாளம் 10/4, அதாவது சுற்றுக்குப் பத்து எண்ணிக்கை. கையில் எண்ணிக்கை நிற்காமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது நண்பன் தொடையில் தட்டிக்கொண்டே, “கண்ட சாப்பு ரெண்டு ஆவர்த்தனம்னு வச்சுக்கோடா. தக தகிட, தக தகிட. முடிஞ்சுது” என்றான். ஐந்தைந்தாக இரண்டு முறை. கார்டு மாறும் இடங்கள் எல்லாம் அந்தப் பிரிவில் வந்து விழாது. ஆனால் சுற்று எங்கே முடிகிறது என்று பிடித்துக்கொள்ள அது போதும். அதற்குப் பிறகு கை தானாக ஓட ஆரம்பித்தது.

ஒலி வேறு கதை. பாடகர் தாம் யார்க் இதை முதலில் பியானோவில்தான் அமைத்தார். ஆல்பத்தில் கேட்பது ப்ராஃபெட்-5, 1978-ல் வந்த அனலாக் சின்த் (சின்தசைசர்). அதன் சாஃப்ட்வேர் நகல் ஒன்றைப் போட்டு, ஃபில்டரை நன்றாக மூடி, நோட்டின் ஆரம்பத்தைக் கொஞ்சம் மழுக்கினால் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிடலாம். ஆனால் வாசித்ததை கம்ப்யூட்டரின் தாளக் கட்டத்தில் ஒழுங்காக ஒட்டவைத்த உடனே உயிர் போய்விடுகிறது. ஒட்டாமல், விரல் விழுந்த இடத்திலேயே விட்டபோது திரும்பி வந்தது. இயந்திரத்தனமான ஆல்பம் என்று பெயர் வாங்கிய ஒன்றில் எனக்குக் கிடைத்த முதல் தடயம் இதுதான். பிறகு வந்த ஒவ்வொரு ஒலியிலும் இதையே பார்த்தேன்: இயந்திரம் பேசுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் கையால் எதையோ வாசித்திருக்கிறார்.

குரலை வெட்டும் வேலையில் ஒரு முழு சாயங்காலம் போனது. அந்தப் பாட்டில் யார்க்கின் குரல் துண்டு துண்டாக, பின்னோக்கி, சொல் ஆவதற்கு முன்பே அறுபட்டு வருகிறது. நான் ‘காற்று’ என்று பாடிப் பதிவு செய்தேன். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் ‘க்’ ஒரு மெல்லிய முள் மாதிரி தனியாகத் தெரிகிறது, அதற்குப் பின்னால் ‘ஆ’ பருத்துப் படுத்திருக்கிறது. கிளிப்பின் இடது ஓரத்தை இழுத்து முள்ளை மட்டும் நறுக்கினேன். மிச்சமான ‘ஆ’வை நகலெடுத்துத் திருப்பிப் போட்டு, அசலுக்கு முன்னால் ஒட்டினேன். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து குரல் வீங்கி வந்து, வார்த்தையாகப் போகும் நேரத்தில் நின்றுவிடுகிறது. ஹெட்ஃபோனில் கேட்டபோது பாடியது நான்தான் என்பதே நம்பமுடியவில்லை. மேடையில் இதே வேலையை பேண்டின் கிட்டாரிஸ்ட் ஜானி கிரீன்வுட் கேயாஸ் பேட் என்ற தொடுபலகையில், யார்க் பாடிக்கொண்டிருக்கும்போதே செய்வார். உட்கார்ந்து நறுக்கவே எனக்கு இவ்வளவு நேரம் ஆகிறது என்றால், அதை நேரடியாக விரலால் தேய்த்துச் செய்வது என்ன கைத்திறமை!

அடுத்து ‘இடியோடெக்’. இதில்தான் அதிக நாள் தங்கினேன். ஜானி மாடுலர் சின்தில் டிரம் ஒலிகளைக் கட்டி, பழைய இசைத்தட்டுத் துண்டுகளையும் சேர்த்து, ஐம்பது நிமிட டேப்பை யார்க்கிடம் கொடுத்தார். முழுக்கக் குழப்பமான அந்த டேப்பின் நடுவில் சுமார் நாற்பது விநாடி மட்டும் அபாரமாக இருக்கிறது என்று யார்க்குக்குப் பட்டது. அதை வெட்டியெடுத்துத்தான் பாட்டை எழுதினார். அந்தத் துண்டில் இருந்த நான்கு கார்டுகள் அமெரிக்க இசையமைப்பாளர் பால் லான்ஸ்கியின் ‘மில்ட் உண்ட் லைசே’ என்ற படைப்பிலிருந்து வந்தவை. 1973-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் 360/91 கம்ப்யூட்டரில் லான்ஸ்கி உருவாக்கியது அது. 1976-ல் ஒரு எல்பி தொகுப்பில் வெளியாகி, அதிகம் பேர் கேட்காமலே கிடந்தது. ஜானி கடிதம் எழுதி அனுமதி கேட்டார், லான்ஸ்கி சம்மதித்தார், ஆல்பத்தில் அவர் பெயரும் இருக்கிறது. கேட்டு வாங்கிப் போட்டார்கள் என்பதே எனக்கு அந்தப் பாட்டின் மேல் மரியாதையைக் கூட்டுகிறது.

லான்ஸ்கியின் துண்டை எடுத்து ஒட்டினால் நான் கற்க எதுவும் இருக்காது. அதனால் அவர் பயன்படுத்திய எஃப்எம் முறையிலேயே சொந்தமாகச் சில கார்டுகள் செய்தேன். ஓர் அலை இன்னோர் அலையின் சுருதியைப் படுவேகமாக ஆட்டினால் புதிய ஸ்வரக்கூறுகள் பிறக்கும், அதுதான் எஃப்எம். அன்றைக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் பிரமாண்ட இயந்திரம் கேட்ட வேலையை டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச ப்ளக்-இன் என் லேப்டாப்பில் செய்துவிடுகிறது. ஆட்டும் அலையின் அளவை மெதுவாக ஏற்றினால் கார்டு முதலில் ஆர்கன்போல இருந்து, பிறகு கண்ணாடிபோலக் கூர்மையாகி, கடைசியில் உலோகமாகிறது. கூர்மை தொடங்கும் அந்த எல்லையில் நிறுத்துவதுதான் நுணுக்கம்.

டிரம்முக்கு இரைச்சலை எடுத்து, பொட்டுப் பொட்டாக நறுக்கி, டிஸ்டார்ஷனில் போட்டேன். எல்லாவற்றையும் ஓடவிட்டு, நாப்களைத் திருப்பிக்கொண்டே நீளமாக ஒரு பதிவு எடுத்தேன். அதை நான் வெட்டவில்லை. நண்பனிடம் கொடுத்து, “எது நல்லா இருக்கோ அதை மட்டும் எடுடா” என்றேன். நான் பெருமைப்பட்ட இடங்களையெல்லாம் தாண்டிப் போனான். ஒரு நாப் பாதி திரும்பி, டிரம் தாளத்தைவிட்டுச் சற்றே விலகி நின்ற இடத்தில் நிறுத்தி, “இதுதான். இங்கதான் ஏதோ ஆகுது” என்றான். அவன் சொன்னது சரி. உருவாக்கியவர் ஒருவர், தேர்ந்தெடுத்தவர் இன்னொருவர் என்பதில்தான் ‘இடியோடெக்’ இருக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இதையே அவர்கள் ஒரு விதியாகவும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பாரிஸ், கோபன்ஹேகன் என்று ஸ்டூடியோ மாறியும் பாட்டுகள் முடிவுக்கு வராமல் இழுத்தன. இன்னொரு கிட்டாரிஸ்ட் எட் ஓ'பிரையன் சின்னச் சின்ன, மெலடியான கிட்டார் பாட்டுகளை எதிர்பார்த்து வந்தவர். யார்க்கோ ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் என்று எலக்ட்ரானிக் இசையின் வேறு உலகத்தில் இருந்தார். 2000 ஜனவரியில் தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச் பேண்டை இரண்டாகப் பிரித்து இரண்டு அறைகளில் உட்காரவைத்தார். ஒரு குழு ஒலியை உருவாக்க வேண்டும், மற்றது அதை வளர்க்க வேண்டும். டிரம்ஸ், கிட்டார் எதையும் தொடக்கூடாது.

நாங்களும் செய்தோம். நான் ஹாலில், அவன் உள்ளறையில். அவன் பீரோ கதவைத் திறந்து மூடும் ஓசை, டேபிள் ஃபேனின் ரீங்காரம், வாயால் சொன்ன ஜதி எல்லாவற்றையும் போனில் பதிந்து பென் டிரைவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான், ஒன்றும் பேசமாட்டான். பீரோ கீலின் கிறீச்சை நான்கு மடங்கு மெதுவாக்கியபோது கீழ் ஸ்தாயியில் ஒரு செல்லோவின் முனகல் வந்தது. அதுதான் இதுவரை நாங்கள் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஒலி.

கிட்டார் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது அதைத் தொடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. விரலுக்குப் பழகிய வடிவங்கள் முன்னால் வந்து நிற்கும். எட், டிரம்மர் ஃபில் செல்வே இருவரையும் நினைத்துக்கொண்டேன். தனக்கு வாசிக்க ஒன்றுமே இல்லாத பாட்டிலும் பேண்டின் ஆளாக உட்கார்ந்து யோசிப்பது சாதாரண விஷயம் இல்லை. இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது யார்க்கின் துணிச்சலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். என் கணக்கில் அந்த இருவருக்கும் அதில் சம பங்கு உண்டு.

‘ட்ரீஃபிங்கர்ஸ்’ சீக்கிரம் முடிந்தது. அது எட் வாசித்த கிட்டார் லூப்களை கம்ப்யூட்டரில் உருமாற்றிச் செய்தது. வால்யூம் நாபைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றி வாசித்து, அடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இருக்கும் பால்ஸ்ட்ரெச் வசதியால் நீட்டி, ஒரு ஸ்தாயி இறக்கினால் போதும், மூடுபனி வந்துவிடும்.

‘ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி’-யை இன்னும் எட்டவில்லை. அதன் வயலின்கள் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள டார்செஸ்டர் அபி தேவாலயத்தில் பதிவானவை. அவற்றோடு கலந்து ஒலிப்பது ஒண்ட் மார்ட்டெனோ, மோரீஸ் மார்ட்டெனோ 1928-ல் பிரான்ஸில் அறிமுகப்படுத்திய மின்னிசைக் கருவி. வலது விரலில் மாட்டிய மோதிரத்தை ஒரு கம்பியோடு நகர்த்தினால் சுருதி வழுக்கும். இடது கை ஒரு விசையை அழுத்தும் அளவுதான் சத்தம். பள்ளி வயதிலேயே பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானின் இசையில் இதைக் கேட்டு மயங்கியவர் ஜானி. நான் ஒரு கையை பிட்ச் வீலிலும் இன்னொரு கையை வால்யூம் நாபிலும் வைத்து முயல்கிறேன். சுருதியைவிட சத்தத்தை ஏற்றி இறக்கும் கைதான் அழுகையைக் கொண்டுவருகிறது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. அந்தக் கைக்கு இன்னும் சாதகம் வேண்டும்.

அதற்கு நடுவில் கடைசிப் பாட்டை எடுக்கப் போகிறேன். ‘மோஷன் பிக்சர் சவுண்ட்டிராக்’-ஐ யார்க் மிதித்து வாசிக்கும் பெடல் ஆர்கனில் வாசித்திருக்கிறார். நண்பனுக்குத் தெரிந்த பாட்டு வாத்தியார் வீட்டில் நாடகக் காலத்துக் கால் ஹார்மோனியம் ஒன்று இருக்கிறதாம். துருத்தி ஓட்டை இல்லை, இரண்டு ரீடுகள் மட்டும் பேசாது என்றார். ஞாயிற்றுக்கிழமை மைக்கோடு போகிறோம். மைக்கை ரீடுக்கு நெருக்கமாக வைக்காமல் பெடல் பக்கம் இறக்கி வைத்து, துருத்தி மூச்சுவிடும் சத்தமும் சேர்ந்து வருகிற மாதிரி எடுக்க வேண்டும். பேசாத அந்த இரண்டு ரீடுகளையும் தவிர்க்கிற மாதிரி கார்டுகளை இப்போதே மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.