மூன்றாவது கதவின் தாழ்ப்பாள்

என் திறமையைப் பார்த்து யாரும் என்னைத் தலைவராக்கவில்லை. 2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழு என்றால் என்ன, எதற்கு என்று விளக்கினார்கள். சில மாதம் கழித்து, குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்க மறுபடி கூப்பிட்டார்கள். "தலைவர் பொறுப்புக்கு யாராவது வர்றீங்களா?" என்று எங்கள் பெரிய டீச்சர் கேட்டபோது அத்தனை பேரும் குனிந்து கால் விரலைப் பார்த்தார்கள். நான் பக்கத்திலிருந்தவரிடம் ரவிக்கைக் கூலி பாக்கி கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு நின்றுவிட்டதே என்று நிமிர்ந்தேன். மாட்டிக்கொண்டேன்.

நான் தையல்காரி. பிளஸ் டூ வரை படித்தவள். பையன் அப்போது நான்காம் வகுப்பு. எங்களுடையது 112 பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஊரில் இந்தக் குழுவையும் பி.டி.ஏ. என்றுதான் சொல்வார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. இது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தால் வந்தது. முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். எங்கள் குழுவில் இருபது பேர், அதில் பதினைந்து பேர் பெற்றோர். காகிதத்தில் பார்த்தால் பள்ளிக்கூடமே எங்கள் கையில்.

முதல் கூட்டத்தில் வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். கூட்டம் முடிந்து தீர்மான நோட்டு என்னிடம் வந்தபோது பதினாறு கையெழுத்து இருந்தது. நான்கு பேருக்கு வீட்டுக்காரர்கள் வந்து போட்டிருந்தார்கள். மீதி மூன்று யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தீர்மானமும் முன்பே எழுதியிருந்தது: "பள்ளியின் கழிப்பறை வசதியை மேம்படுத்துவது குறித்து விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." யார் விவாதித்தது? நாங்கள் டீ குடித்தோம், பிஸ்கட் சாப்பிட்டோம். பெரிய டீச்சர் மேல் குற்றமில்லை. கல்வித் துறையின் செயலியில் அன்றைக்கே வருகையையும் தீர்மானத்தையும் ஏற்ற வேண்டும். அவருக்கு அதுவும் ஒரு வேலை, ஐம்பது வேலைகளில் ஒன்று. நானும் சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, கூச்சம்தான்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் என்பது மேலே இருந்து வந்த நேரம். அந்த நேரத்தில் யாரால் வர முடியும்? ஆசிரியர்கள் வரலாம். வேலை இல்லாதவர்கள் வரலாம். என்னைப்போல் வீட்டிலேயே மிஷின் போட்டிருப்பவர்கள் வரலாம். எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் காட்டு வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவர்கள். நூறு நாள் வேலையில் 2023 தொடக்கத்திலிருந்து காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ எடுத்து வருகை பதிவு செய்தார்கள். இரண்டாவது போட்டோவில் முகம் இல்லாவிட்டால் கூலிக்குப் பிரச்சினை. நம் கூட்டத்தில் வந்து உட்கார்ந்து, ஏற்கெனவே எழுதிய தீர்மானத்தில் கையெழுத்துப் போட ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்? "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று ஆசிரியர்கள் சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். அக்கறை இல்லாமல் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு அரை நாள் கூலியின் மதிப்பு இல்லை, அவ்வளவுதான்.

நேரத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, மாரியம்மன் கோயில் திண்ணையில் ஒரு பேச்சுக் கூட்டம் வைத்தேன். நோட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. பத்துப் பேர் வந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. இரண்டு மாதம் இப்படி ஓடிய பிறகுதான் உறைத்தது. காலனியிலிருந்து ஆறு பேர் உறுப்பினர்கள், அவர்களில் ஒருவர்கூட ஒரு தடவையும் வரவில்லை. "வேலை இருந்துச்சு", "புள்ளைக்குக் காய்ச்சல்" என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நானும் நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது. ஒரு நாள் துணி கொடுக்க வந்த ஒருத்தி, அவளும் உறுப்பினர்தான், அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏக்கா, அந்தத் திண்ணையில நாங்க எங்க உக்கார்றது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிறந்ததிலிருந்து நான் உட்கார்ந்த திண்ணை. அதில் யார் உட்காருவதில்லை என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அடுத்த மாதத்திலிருந்து அங்கன்வாடி வாசலுக்கு மாற்றினேன். திண்ணைக்கு வந்த பத்தில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலனியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். தலைமைப் பண்பு என்று பயிற்சியில் ஏதேதோ சொன்னார்கள். கூட்டத்தை எந்த இடத்தில் போடுவது என்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை.

கழிப்பறைக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சுடிதாருக்கு அளவு கொடுக்க வந்திருந்தாள். வெயில் நேரம். ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "ஏண்டி, ஸ்கூல்ல தண்ணி இல்லையா?" என்றேன். "இருக்கு அத்தை. நான்தான் குடிக்க மாட்டேன். குடிச்சா பாத்ரூம் போகணும்ல." அப்புறம் மெதுவாகச் சொன்னாள். பெண்கள் பக்கம் நான்கு கதவு. மூன்றாவதுக்குத் தாழ்ப்பாள் இல்லை. முதல் இரண்டில் குழாய் வராது. நான்காவது டீச்சர்களுக்கு, பூட்டியிருக்கும். மூன்றாவதுக்குப் போனால் தோழி ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தோழி அன்றைக்கு லீவு என்றால் போவதில்லை.

"கழிப்பறை வசதியை மேம்படுத்துதல்" என்று நாங்கள் மூன்று மாதமாக ஏகமனதாகத் தீர்மானித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை நோட்டை நான் வாங்கி என் கையெழுத்திலேயே எழுதினேன். "பெண்கள் கழிப்பறை, மூன்றாவது கதவுக்குத் தாழ்ப்பாள். முதல் இரண்டில் குழாய் மாற்ற வேண்டும். புதன்கிழமை பிளம்பர் வருவார். கூட நின்று பார்க்க வேண்டியவர்..." என்று ஓர் உறுப்பினரின் பெயரையும் போட்டேன். பெயரைப் போடும் முன் அவரிடம் கேட்டேன். அது முக்கியம். கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் "நீங்க பாத்துக்குங்க" என்று தலையில் கட்டினால் "சரி" என்பார்கள், புதன்கிழமை வர மாட்டார்கள். முதல் நாளே தனியாகப் போய், "உங்க பொண்ணும் ஆறாவதுதானே, ஒரு மணி நேரம் நிக்க முடியுமா?" என்று கேட்டால், முடியாதென்றால் முகத்துக்கு நேரே முடியாது என்பார்கள். அந்த "முடியாது" வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். வேறு ஆளைப் பார்க்கலாமே. சம்பளம் இல்லாத வேலையில் இழுத்தடிக்கிற "சரி"யைப் போல் ஆளைக் கவிழ்ப்பது எதுவும் இல்லை.

பணத்துக்குப் பெரிய தட்டுப்பாடு இல்லை. நூற்றொன்றிலிருந்து இருநூற்றைம்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருடத்துக்கு 50,000 ரூபாய். அதில் குறைந்தது பத்து சதவீதம் சுத்தம், சுகாதாரத்துக்கு. தாழ்ப்பாளும் இரண்டு குழாயும் ஆள் கூலியோடு ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. மூன்று மாதம் அந்தப் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்குக் காரணம் நிதிப் பற்றாக்குறை இல்லை. எது போயிருக்கிறது என்று யாரும் கதவு கதவாகப் போய்ப் பார்க்கவில்லை. நானும்தான்.

வேலை முடிந்ததும் பில்லை நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அது தையல்காரியின் பழக்கம். ரவிக்கை தைத்துக் கொடுக்கும்போது வெட்டுத் துணியையும் சுருட்டிக் கூடவே வைத்துவிட வேண்டும். யாரும் அதை உபயோகிக்கப் போவதில்லை. ஆனால் வைக்காவிட்டால், ஒரு மீட்டர் கொடுத்ததில் கால் மீட்டரை நாம் அடித்துவிட்டோம் என்ற நினைப்பு எங்கேயோ ஓரத்தில் கிடக்கும். பள்ளிக் கணக்கும் அப்படித்தான். 40 ரூபாய் ஆணி வாங்கிய சீட்டையும் ஒட்டினேன். பெரிய டீச்சருக்கு முதலில் பிடிக்கவில்லை, "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். ஆறு மாதம் கழித்து, எவனோ டீக்கடையில் மானியப் பணத்தைப் பற்றிக் கதை கட்டியபோது, அங்கிருந்தவர்களே "போய்ப் பலகையில பாருடா" என்று அவன் வாயை அடைத்தார்கள். அப்புறம் பெரிய டீச்சரே பில்லை எடுத்து வந்து "ஒட்டிடுங்க" என்று கொடுக்க ஆரம்பித்தார்.

எல்லாம் இப்படி ஒழுங்காக நடக்கவில்லை. ஓர் ஆசிரியர் அடிக்கடி தாமதமாக வருகிறார் என்று பெற்றோர் புலம்பிக்கொண்டிருந்தார்கள். தாழ்ப்பாள் போட்ட தெம்பில் இருந்தேன் நான். கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "ஒன்பதரைக்கு வந்தா பிள்ளைங்க என்ன படிக்கும் சார்?" என்று கேட்டுவிட்டேன். பெற்றோர் பக்கம் ஒரே முணுமுணுப்பு, ஒருவர் கைகூடத் தட்டினார். அந்த ஆசிரியர் எதுவும் பேசவில்லை, எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார். அடுத்த இரண்டு மாதம் ஆசிரியர்கள் யாரும் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. நான் பேசுவேன், பெரிய டீச்சர் எழுதுவார், மற்றவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். பிறகுதான் தெரிந்தது. அவர் இரண்டு பஸ் மாறி வருகிறவர், நேரத்துக்கு வந்துகொண்டிருந்த முதல் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நேரில் போய் வருத்தம் சொன்னேன். "பரவாயில்லம்மா" என்றார். பரவாயில்லை என்று அவர் முகம் சொல்லவில்லை. அந்த பஸ் விஷயத்தை அக்டோபர் 2 கிராம சபையில் எடுத்துக் கேட்டு, போக்குவரத்துக் கழகத்துக்கு மனு எழுதினோம். பஸ் வரவில்லை. ஆனால் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது என்று அவர் பார்த்தார். அதற்குப் பிறகு கூட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். இப்போதும் யாராவது கூட்டத்தில் ஓர் ஆளைப் பிடித்து உலுக்கி, அதற்குக் கைதட்டலும் விழுந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

2023 ஆகஸ்ட் 25-இல் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க 31,008 அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு விரிவாக்கினார்கள். எங்கள் பள்ளியிலும் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை காலையில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் வந்தது. சமைத்தது எங்கள் ஊர் மகளிர் குழுப் பெண்கள். நான் எதிர்பார்க்காதது வேறு. கூட்டத்துக்குக் கெஞ்சிக் கூப்பிட்டாலும் வராத அம்மாக்கள், பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று பார்க்கத் தாங்களாகவே காலையில் வாசலுக்கு வந்தார்கள். "உப்பு தூக்கலா இருக்கு" என்று ருசி பார்த்துச் சொன்னார்கள். அந்தப் பேச்சிலேயே மேற்கூரை ஒழுகுவது வந்தது, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பத்து நாளாக வராததும் வந்தது. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்று ஓர் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவன் தாய்மாமாவிடம் பேசியது அந்த அம்மா, நான் இல்லை. மூன்று வாரத்தில் பையன் திரும்பி வந்தான். வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் இது நடந்திருக்காது. எழுதுவதற்கு மட்டும் அந்தக் கூட்டம் வேண்டியிருந்தது.

2024 ஆகஸ்டில் குழுவை மறுபடி மாற்றியமைத்தார்கள். இந்த முறை முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது, இருபது இருபத்துநான்கானது. என்னை மறுபடி நிற்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். தீபாவளித் துணி குவிந்து கிடந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பெற்றோர் எது கேட்டாலும் "தையல்கார அக்காகிட்டச் சொல்லிட்டோம்" என்று போய்விடும் நிலை வந்திருந்தது. நான் இல்லாவிட்டால் பிளம்பருக்கு யாரும் போன் செய்வதில்லை. இரண்டு வருடத்தில் நான் செய்த தப்புகளில் இதுதான் பெரியது என்று இப்போது தோன்றுகிறது, செய்யும்போது நல்ல பேராகத் தெரிந்தது. புதிதாக வந்தது, அன்றைக்குத் திண்ணையில் எங்கே உட்காருவது என்று கேட்டவள். பிளம்பர் நம்பர், பில் கோப்பு, பீரோ சாவி எல்லாம் அவளிடம் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் போன் செய்தாள். "அக்கா, அந்தத் தாழ்ப்பாள் மறுபடி போயிடுச்சு."

"பிளம்பருக்குச் சொல்லட்டுமா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டேன்.

"சொல்லியாச்சுக்கா. புதன்கிழமை வர்றாரு. கூட நிக்கிறதுக்கு உங்க பேர எழுதலாமான்னு கேக்கத்தான் பண்ணேன்."