தமிழுக்கு அரைத்த மாவு

சென்ற சனிக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, ஒரு கையில் வெந்த மக்காச்சோளம் நிறைந்த வாளியும் மறு கையில் அம்மாவுமாக, மெக்சிகோவின் கெரேத்தரோ நகரத்து மாவு மில் ஒன்றின் வரிசையில் நான் நின்றுகொண்டிருந்தேன். 48 வயதில் கையால் தோர்த்தியா என்ற மக்காச்சோள ரொட்டி தட்டக் கற்றுக்கொள்ளப் போவதாக நான் அறிவித்தபோது மனைவி தங்கமணி சிரிக்கவில்லை, பயந்தாள். பொதுமுடக்கக் காலத்தில் ரொட்டிக்கென்று நான் வளர்த்த புளிமாவு, குளிர்பதனப் பெட்டிக்குள் டப்பாவின் மூடியைத் தள்ளிவிட்டு முட்டைகளின் மேல் வழிந்து கிடந்த காட்சியை நானே இன்னும் மறக்கவில்லை; துடைத்தவள் எப்படி மறப்பாள்?

இத்தனைக்கும் இந்த ஊரில் தோர்த்தியாவுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருமுனையிலேயே ஒரு கடை இருக்கிறது. இயந்திரத்திலிருந்து வரிசையாக வந்து விழுவதைக் கிலோ கணக்கில் நிறுத்துக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சூடான ஒன்றில் உப்பைத் தூவிச் சுருட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைகளோடு நானும் பலமுறை கை நீட்டியிருக்கிறேன். காரியத்தைக் கெடுத்தது கீழ்வீட்டுத் தோன்யாதான். அம்மா ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று, தம் கையால் தட்டிய நீலச்சோளத் தோர்த்தியா பத்தைப் பூவேலை செய்த துணியில் சுற்றிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு அம்மா கடைத் தோர்த்தியாவுக்கு 'அட்டை' என்று பெயர் வைத்துவிட்டார். "அந்த அம்மா தட்டிக் கொண்டாந்து தர்றாங்க, நீ அட்டை வாங்கிட்டு வர்ற" என்று நாள்தோறும் சொன்னால் எந்த மகனுக்குத்தான் ரோஷம் வராது?

கற்றுத்தரத் தோன்யா சம்மதித்தார். ஆனால் சோளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார். லா குரூஸ் சந்தைக்குப் போய் 2 கிலோ வெள்ளைச் சோளமும் ஒரு பொட்டலம் சுண்ணாம்பும் வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்து நுனிவிரலால் தொட்டுப் பார்த்த அம்மா, வெற்றிலையே கிடைக்காத ஊரில் சுண்ணாம்பு மட்டும் சமையலறை வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும் அநியாயத்தைத் தாங்க முடியாமல், "வெத்தலையை எங்க ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு கேளுடா" என்றார்.

சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுவதும் அப்படியே ஊறவிட்டு, மறுநாள் தோல் கழன்று போகக் கழுவ வேண்டும். ஒரு கிலோவுக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு என்பது கணக்கு. தோன்யாவின் கணக்கில் கிராம் கிடையாது. 'ஒரு சின்னப் பிடி' என்று தம் கையை மூடிக் காட்டினார். அவர் கை அணிலின் கை. என் கை எப்படிப்பட்டது என்பது எங்கள் வீட்டு முறுக்கு டப்பாவுக்குத் தெரியும். போதாததற்கு, கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் இங்கே எதுவுமே சொன்ன நேரத்துக்கு வேகாது என்ற பயத்தில் இன்னொரு பிடியும் போட்டேன். விடியற்காலையில் மூடியைத் திறந்தபோது வெள்ளைச் சோளம் நலங்கு வைத்த மாப்பிள்ளையைப் போல மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. சமையலறை முழுவதும் பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டின் வாசனை. ஐந்து தண்ணீர் மாற்றிக் கழுவினேன்.

ஆனால் அந்தச் சுண்ணாம்பை லேசாக நினைத்துவிடக் கூடாது. சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நயாசின் என்ற சத்து, சுண்ணாம்பில் வெந்தால்தான் உடம்புக்குக் கிடைக்கும். ஐரோப்பியர்கள் கப்பலில் சோளத்தை ஏற்றிக்கொண்டு போனார்களே தவிர, அதைச் சமைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் பக்குவம் கேட்டுக்கொண்டு போகவில்லை. சோளத்தையே முப்பொழுதும் உண்ட ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, சிலருக்குப் புத்தி பேதலித்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735-இல் அந்த நோயைக் கண்டு குறித்து வைத்தார். பிற்பாடு அதற்குப் பெலாக்ரா என்று பெயர் வந்தது. அவர்கள் ஒரு பிடி இல்லாமல் பட்டார்கள். நான் ஒரு பிடி கூடிப்போய்ப் பட்டேன்.

இப்படிப் பக்குவப்படுத்திய சோளத்துக்கு நிஷ்தமால் என்று பெயர். அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டது என் தவறு. புராணத்துத் தச்சன் மயனும் இந்த நாட்டு மாயன் இனத்தாரும் ஒருவரே என்பதைப் பதினைந்து ஆண்டுகளாக நிறுவிவரும் பெரியப்பா, அந்தச் சொல்லுக்குள் தமிழ் உட்கார்ந்திருப்பதை இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். அது நாவாத்ல் என்ற இங்குள்ள பழங்குடி மொழியிலிருந்து வந்த சொல் என்றும், அம்மொழியில் 'நெஷ்த்லி' என்றால் சாம்பல், 'தமால்லி' என்றால் அவித்த சோளமாவுப் பண்டம் என்றும், சுண்ணாம்புக்குப் பதில் சாம்பலைப் போட்டு வேகவைக்கும் வழக்கமும் உண்டு என்றும் பணிவாக எழுதினேன். "சாம்பல் என்றால் விபூதிதானே?" என்று பதில் வந்தது. நான் கைப்பேசியை அணைத்துவிட்டு மில்லுக்குக் கிளம்பினேன். அந்தச் சொல்லும் என் பின்னாலேயே வந்தது.

மில்லில் இரண்டு வட்டக் கற்கள் உறுமிக்கொண்டிருந்தன. சத்தத்தைக் கேட்டதும் அம்மாவுக்கு மிளகாய்த்தூள் அரைக்கப் போன நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன போலும். முன்னால் நின்றவர்களின் வாளிகளையெல்லாம் எட்டிப் பார்த்து, யார் வீட்டுச் சோளம் சரியாகக் கழுவப்படவில்லை என்பதை எனக்கு உரக்கத் தெரிவித்துக்கொண்டே வந்தார். எங்கள் முறை வந்தது. மில்காரர் வாளியை வாங்கிக்கொண்டு ஏதோ கேட்டார். நானும் அம்மாவும் பேசுவதைக் கேட்கும் எவரும் இந்த ஊரில் எங்களிடம் கேட்கும் ஒரே கேள்வி, இது என்ன மொழி என்பதுதான். ஆகவே நானும் நெஞ்சை நிமிர்த்தி, கல்லின் சத்தத்தையும் மீறி, "தமில்!" என்றேன். ழகரத்தை நான் இங்கே வீணாகச் செலவழிப்பதில்லை. அவர் தலையாட்டிவிட்டு, கற்களின் இடைவெளியைத் திருகித் தளர்த்தினார்.

அவர் கேட்டது மாவு தோர்த்தியாவுக்கா, தமாலுக்கா என்று. தமால் என்பது சோளமடலில் பொதிந்து ஆவியில் அவிக்கும் கொழுக்கட்டை. அதற்கு மாவு கொரகொரப்பாக இருக்கலாம். தோர்த்தியாவுக்கோ சந்தனமாக இழைய வேண்டும். நான் மொழிப்பற்றோடு நாலு கிலோ ரவையைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினேன்.

தோன்யா அதை இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தட்டுங்கள், ஹோவன்" என்றார். ஹோவன் என்றால் இளைஞர். ஊரில் 'அங்கிள்' ஆகிப் பத்தாண்டுகள் கடந்துவிட்ட எனக்கு அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த நாட்டில் இருந்துவிடலாம் என்று தோன்றும். அன்று அதில் கொஞ்சம் இரக்கமும் கலந்திருந்தது. பெரிய எலுமிச்சம்பழ அளவு உருட்டி, ஈரக்கைகளுக்கு நடுவில் வைத்து, கைதட்டுவது போலத் தட்டித் தட்டிச் சுழற்ற வேண்டும். அவர் கையில் அது தாளம் தப்பாமல் சுற்றி வட்டமாக விரிந்தது. என் கையில் விளிம்பெல்லாம் வெடித்து, பங்குனி மாதத்துக் கண்மாய் போலப் பிளந்தது. மாவு ஒட்டாமலிருக்கச் சுண்ணாம்பு பூசி வெளுத்திருந்த மண் கல்லில் அதைக் கிடத்தினேன். கோமால் என்பார்கள் அந்தக் கல்லை. விளிம்பு விடும் வரைக்கும் முதல் பக்கம், ஒரு நிமிடம் போல மறுபக்கம், மீண்டும் புரட்டிப் போட்டால் உள்ளே அடைபட்ட ஆவி அதைப் பூரி போல எழுப்ப வேண்டும். தோர்த்தியா உப்பினால் கல்யாணத்துக்குத் தயார் என்பது இங்கே அடுப்படிகளில் புழங்கும் பேச்சு. நான் தட்டியவை 11. ஒன்றும் அசையவில்லை. "19 வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரியுது" என்று நிலைப்படியில் சாய்ந்தபடி தங்கமணி சொன்னாள்.

அப்போதுதான் தோன்யா மூலையிலிருந்து மெதாத்தேயை இழுத்துப் போட்டார். "அட, கால் முளைச்ச அம்மிடா!" என்று அம்மா கூவிவிட்டார். உண்மையிலேயே அம்மிதான், மூன்று கால்களில் முன்பக்கம் சரிந்து நிற்கும் எரிமலைப் பாறை, அதன்மேல் ஒரு குழவி. அதன் முன்னால் மண்டியிட்டுத்தான் அரைக்க வேண்டும். மண்டியிடக் கூடாது என்று இரண்டு நாடுகளின் மருத்துவர்கள் சொல்லியிருக்கிற அந்த முழங்கால்களை, மடித்துப் போட்ட துண்டின் மேல் ஊன்றி அம்மா உட்கார்ந்தே விட்டார். தோன்யா தண்ணீர் தெளிக்க, அம்மா குழவியை இழுத்தார். நான்காவது இழுப்பில் கை பழகிவிட்டது. தேங்காய்ச் சட்னியை வழிப்பது போலச் சுண்டுவிரல் பக்கத்தால் மாவை வழித்து, நுனியில் தொட்டுப் பார்த்து, மறுபடியும் மேலே தள்ளினார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. என்னிடம் இருந்த வார்த்தைகளை யாரும் கேட்கவில்லை.

அரைத்து முடித்ததும் அம்மா பால் கவர் கேட்டார். இங்கே பால் அட்டைப் பெட்டியில் வருகிறது என்று நான் விளக்குவதற்குள், கைவலி நாட்களுக்கென்று வெட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் உறை ஒன்றைத் தோன்யா இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். அம்மா அதன்மேல் மாவை வைத்து, அதிரசத்துக்குத் தட்டுவது போல நான்கு விரல்களால் தட்டி, உறையைச் சுற்றிச் சுற்றி விட்டு, கல்லில் போட்டார். இரண்டாவது முறை புரட்டியதும் அது ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, நடுவிலிருந்து மெல்ல எழுந்து, முழுதாக உப்பி நின்றது.

தோன்யா கையைத் தட்டி, இந்த அம்மாவுக்கு இனி மாப்பிள்ளை பார்க்கலாம் என்றார். என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டார். அப்பா போய் ஆறு வருடங்கள் ஆகின்றன. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தடுமாறி, கடைசியில் உள்ளபடியே சொல்லிவிட்டேன். அம்மா, கல்லின்மேல் காற்று இறங்கி அடங்கிக்கொண்டிருந்த தோர்த்தியாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் போட்ட பஜ்ஜி ஒண்ணுகூட உப்பலடா. எல்லாம் சப்பை. உங்க அப்பா எட்டு தின்னாரு. இதை அவங்ககிட்ட சொல்லு."

சொன்னேன். வாழைக்காயைச் சீவி மாவில் தோய்ப்பதில் தொடங்கி, பெண் பார்ப்பது என்றால் என்ன என்பது வரைக்கும் என்னுடைய அரைகுறை ஸ்பானிஷில் சுற்றி வளைத்ததில், எட்டு என்ற எண் மட்டும்தான் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். தோன்யா ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தோர்த்தியாவில் உப்பைத் தூவிச் சுருட்டி அம்மாவின் கையில் வைத்தார்.

அரைக்காமல் மீந்துபோன தமால் மாவு இரண்டு கிலோ இப்போது எங்கள் குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. டப்பாவின் மூடிமேல் தங்கமணி ஒரு கல்லைத் தூக்கி வைத்திருக்கிறாள்.